பயன்படுத்தலாம் என்று எழுதியவன்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய ஒப்புதல் தாளின் ஆறு பக்கங்களையும் படித்துவிட்டேன். "எழுத்துப் பிழை மட்டும் பாருங்கப்பா, மத்ததெல்லாம் எத்திக்ஸ் கமிட்டியில பாத்துட்டாங்க" என்று போனில் சொன்னாய். எழுத்துப் பிழை மூன்று இருந்தது. பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். நான்காவது வட்டம் ஒன்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அது எழுத்துப் பிழை இல்லை. அந்த வட்டத்தைப் போட்ட பிறகு இரண்டு நாள் உனக்குப் பதில் அனுப்பாமல் இருந்தேன். நீ மூன்று முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வியாழக்கிழமை காலை நீ ஜமுனாமரத்தூரில் முகாம் போட்டு அந்தத் தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் எடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் தாலுகா நிருபராக இருந்தவன் முதல் வரிக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

இதன் ஒரு பிரதியை, உன் முகாம் முடிந்த பிறகு, நான் வேலை பார்த்த பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். போடுவார்களா என்று தெரியாது. போட்டால், பதினைந்து வருடம் கழித்து வரும் திருத்தம் என்று அதை வைத்துக்கொள்ளட்டும். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் மற்றவர்களுக்காக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். மலேரியாவுக்குப் பல காலமாகக் கொடுத்துவந்த ஒரு பழைய மருந்து, பலவீனமான இதயத்துக்கு உதவுமா, உதவாதா, கெடுதல்தான் செய்யுமா என்று பார்க்கும் ஆராய்ச்சியில் நீ டாக்டராகச் சேர்ந்திருக்கிறாய். அந்த மருந்தின் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுத மாட்டேன். எழுதினால் யாராவது ஒருவர் அதைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போவார். ஒருவர் போனார். அவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். மலையில் உள்ளவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர்களுடைய ஊரைச் சொல்லவில்லை. யாரென்று உனக்குப் புரியும்.

உன் மேஜைக்கு மேலே ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறாயே, என் பெயரோடு வந்த அந்தச் செய்தித் துண்டு, அதிலிருந்து தொடங்குகிறேன். 'இதய பலவீனத்துக்கு மலேரியா மாத்திரை பயன்படுத்தலாம்.' நீ ஒன்பதாவது படிக்கும்போது அதை நோட்டில் ஒட்டினாய். பிறகு மருத்துவக் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோனாய். இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தபோது நடந்த அறிமுகக் கூட்டத்தில், 'எங்க அப்பா எழுதிய ஒரு செய்திதான் என்னை இங்கே கொண்டுவந்தது' என்று மைக்கில் சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா என் முழங்கையை ஒருமுறை இடித்தாள். அவளுக்குத் தெரியும். அந்தத் துண்டு நாலாக மடிந்திருப்பதையும், ஓரத்தில் மஞ்சளாகக் கறை இருப்பதையும் பார்த்து நீ ஒருநாள் என்னவென்று கேட்டாய். டீ கொட்டியது என்றேன். அது டீ இல்லை.

அந்தச் செய்தியை எப்படி எழுதினேன் என்று முதலில் சொல்கிறேன். மலையில் காய்ச்சல் பரவி, மலேரியாவாக இருக்குமோ என்று முகாம் போட்டிருந்தார்கள். நான் போளூரிலிருந்து காலை பஸ்ஸில் போனேன். முகாமில் பெரிதாக ஒன்றும் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மூன்று பத்திகூடத் தேறாது. திரும்புகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு டாக்டர் பேச்சோடு பேச்சாக, இந்த மாதிரிப் பழைய மருந்துகளை இதயத்துக்கும் பார்க்கிறார்களாம், ஆய்வகத்தில் எலிகளை வைத்துச் சோதனை நடக்கிறதாம் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஏஜென்சிச் செய்தி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் மிகவும் யோசித்துத்தான் பேசியிருந்தார்கள். 'மே' என்ற சிறு சொல்லை வாக்கியத்துக்கு வாக்கியம் போட்டிருந்தார்கள். நான் அதை ஒவ்வோர் இடத்திலும் ஒழுங்காக 'லாம்' என்று மொழிபெயர்த்தேன். எங்கள் மலை முகாமையும் அந்த எலிகளையும் ஒரே செய்தியாகத் தைத்தேன். தலைப்பும் நான் வைத்ததுதான். ஆபீஸில் செய்தியைத் திருத்தும் டெஸ்க் அதை மாற்றவில்லை. அதில் எனக்குப் பெருமை. இன்னும் ஆராய்ச்சி முடியவில்லை, டாக்டரைக் கேட்காமல் யாரும் சாப்பிடக் கூடாது என்பதையும் எழுதினேன். கடைசிப் பத்தியில் எழுதினேன். மறுநாள் பேப்பரில் கீழே ஒரு ஜவுளிக் கடை விளம்பரம் வந்துவிட்டதால், எல்லாச் செய்தியையும் வெட்டுவதுபோல அதையும் அடியிலிருந்து வெட்டினார்கள். கடைசிப் பத்தி போய்விட்டது.

வெட்டியது டெஸ்க் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். அடியிலிருந்து வெட்டுவார்கள் என்று தெரிந்தவன், உயிர் போகிற வாக்கியத்தை அடியில் வைக்கக் கூடாது. அதைவிடப் பெரிய தவறு அந்த 'லாம்'. மழை வரலாம் என்கிறோம். நீ உள்ளே வரலாம் என்கிறோம். முதலாவது நிச்சயமில்லை, இரண்டாவது அனுமதி. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். அதிலும் நம் பக்கத்தில் பேசும்போது மழைக்கு 'லாம்' போடுகிற ஆள் யார்? 'மழ வந்தாலும் வரும்' என்பார்கள். 'வர்லாம்' என்றால் வாங்க, தடை இல்லை என்றுதான் காதில் விழும். இந்த வித்தியாசம் காலை முதல் மாலை வரை என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. பயன்படுத்தினால் பலன் கிடைக்குமோ என்று பார்க்கிறார்கள் என்ற பொருளில் நான் எழுதினேன். பயன்படுத்துங்கள், சரிதான் என்று படித்தார்கள்.

செய்தி வந்து மூன்று வாரம் இருக்கும். மலையில் வேலை பார்த்த நர்ஸம்மா ஒருவர் போன் செய்தார். "சார், நீங்க போட்ட நியூஸ வச்சிக்கினு இங்க ஒருத்தரு மலேரியா மாத்திரை தின்னுக்கினு இருக்காரு. ஆர்ட்டு மாத்திரைய நிறுத்திட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டன்றாரு. பேப்பர்லயே போட்டிருக்குது, நீ இன்னா பெரிய இதுன்றாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார்." மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி, ஜீப்பில் பாதி தூரமும் நடையில் மீதியுமாக அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி.

அவர் பெயரை ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். சாமை விதைக்கிற நிலம் கொஞ்சம், புளிய மரம் நாலு. இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, கீழே ஆஸ்பத்திரியில் காட்டி, நீர் பிரிய ஒரு மாத்திரையும் வேறு இரண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். நான் போனபோது அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் தூக்கித் தூக்கி எடுத்தார். கால் இரண்டும் பளபளவென்று வீங்கியிருந்தன. என்னைப் பார்த்து, உட்காருங்க என்று கையால் காட்டினார். நான் மனதில் எழுதிவைத்திருந்த ஒரு வாக்கியமும் அங்கே தேவைப்படவில்லை. "ஜீப் கூப்புடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவருடைய பெரிய மகன் ஓடினான். அவனைக் கோவிந்தன் என்று சொல்கிறேன், அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது.

இப்போது எழுதப் போவதை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. ஏழுமலையை நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். நான் கடைசியாக வெளியே வந்தேன். சுவரில் இருந்த மாடத்தில் மஞ்சள் பொட்டலத்தின் பக்கத்தில் மாத்திரை அட்டை இருந்தது. அதன் அடியில் நாலாக மடித்த செய்தித் துண்டு, என் பெயர் மேலே தெரிகிற மாதிரி. மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்ட எடுத்தேன். அது சரி. துண்டையும் எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஜீப்பில் ஜமுனாமரத்தூர், அங்கிருந்து ஆம்புலன்ஸில் கீழே. வழியெல்லாம் அவர் மனைவி, பச்சையம்மாள், அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்ததும் ஈசிஜி எடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார். "இத யாரு குடுக்கச் சொன்னது?" நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பையில் அந்தத் துண்டு இருந்தது. வாயைத் திறக்கவில்லை. பச்சையம்மாள் சொன்னார், "நாந்தாங்க குடுத்தேன்." டாக்டர் அந்த வராண்டாவில் எல்லோர் எதிரிலும் அவரைத் திட்டினார். தினமும் இப்படி யாரையாவது பார்த்துச் சலித்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "கண்ட மாத்திரையக் குடுத்துட்டு, குடுக்க வேண்டியத நிறுத்திட்டு வந்து நிக்கிறீங்களே, உங்க வூட்டுக்காரரு வேணுமா வேணாமா?" பச்சையம்மாள் தலை குனிந்து நின்றார். அப்புறம் டாக்டர் என்னிடம் திரும்பி, "நீங்க யாரு?" என்றார். "பேப்பர் சாரு. அவருதான் ஜீப் புடிச்சி இட்டுக்கினு வந்தாரு" என்று பச்சையம்மாள் எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். டாக்டர் எனக்குக் கை கொடுத்தார்.

ஏழுமலை அந்த முறை பிழைத்தார். பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனார். அடுத்த சாமை அறுப்பு முடிந்ததும் இறந்துபோனார். எதனால் என்று நான் வேறொரு டாக்டரிடம் ஊர் பேர் சொல்லாமல் கேட்டிருக்கிறேன். அந்த மருந்து சிலருடைய இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. வழக்கமான மாத்திரையை நிறுத்தியது அதைவிட மோசம். அவருக்கிருந்த நோயே எப்படியும் கொண்டுபோகக்கூடியதுதான். மூன்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்த 'முடியாது' என்பதைப் பிடித்துக்கொண்டு நான் இத்தனை வருடம் நடமாடினேன். ஏழுமலை ஆஸ்பத்திரியில் இருந்தபோதே டெஸ்க்கில் இருந்த நண்பருக்குப் போன் செய்து ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். "யாராவது கம்ப்ளெய்ண்ட் பண்ணாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் இன்னாத்துக்குய்யா நீயே போய்த் தலைய நீட்ற? வுடு" என்றார். விட்டுவிட்டேன். அவர் விடச் சொன்னதால் விட்டேன் என்று எழுதினால் பொய். யாராவது விடச் சொல்ல மாட்டார்களா என்றுதான் அந்த போனையே செய்தேன்.

அந்தத் துண்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. அம்மா துவைக்க எடுத்தபோது வெளியே விழுந்தது. "அப்பா பேர் போட்டிருக்குது" என்று நீ ஓடிவந்து வாங்கிக்கொண்டாய். நான் கையை நீட்டினேன், நீ கொடுக்கவில்லை. பிடுங்கினால் ஏன் என்று கேட்பாய். அதனால் விட்டேன். உன் மேஜைக்கு மேலே இருப்பது அந்தத் துண்டுதான் பாப்பா. அந்தக் கறை பச்சையம்மாள் வீட்டு மஞ்சள்.

போன வாரம் நீ போனில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் சொன்னாராம், 'எங்கப்பாவ இட்டுக்கினு போயி ஆஸ்பத்திரில சேத்தவரு பொண்ணு நீங்க. நீங்க காட்ற எடத்துல கையெழுத்துப் போட்றேன், தாளெல்லாம் எனக்குப் படிக்க வேணாம்.' நீ பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. மகனுக்கும் அதே நோய். நீ நெகிழ்ந்துபோய், "உங்களால எனக்கு மலைல எவ்ளோ நல்ல பேருப்பா" என்றாய். போனை வைத்துவிட்டு நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் நீ அனுப்பிய தாள் வந்தது. இரண்டாம் பக்கம், நடுவில்: 'இந்த மருந்தை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்ற கருத்தின் அடிப்படையில் இந்த ஆய்வு நடத்தப்படுகிறது.' என் வாக்கியம்தான். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அம்மாவிடம் தாளைக் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "மவளுக்கு லெட்டர் எழுதி அழகா அனுப்பிடலாம்னு பாக்கறீங்களா?" என்றாள். "மொதல்ல மல மேல போங்க. அந்தம்மா கிட்ட சொல்லிட்டு வந்து அப்புறம் எழுதுங்க. மாத்தி செஞ்சா அது லெட்டர் இல்ல, தப்பிச்சிக்கறது." நேற்று காலை போனேன்.

பச்சையம்மாள் வாசலில் கோணி விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். சிறிய இரும்பால் ஒரு தட்டு, கொட்டை ஒருபக்கம், சதை ஒருபக்கம். கோவிந்தன் கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். இப்போது முப்பத்து மூன்று வயது. ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குவதால் விட்டுவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். டீ வந்தது. நான் கொண்டுபோன உன் தாளை வாங்கிப் பார்த்தவர் சிரித்தார். "சார், இதுல இதயச் செயலிழப்புன்னு போட்டிருக்குது. செயலிழந்து பூடுச்சின்னா நான் எப்டி சார் இங்க குந்திக்கினு டீ குடிக்கிறேன்?" அது டாக்டர்கள் சொல் என்றேன். "சில பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை தருவாங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்க. சும்மா மாத்திரைய வாங்கறதுக்கு நான் ஒரு ஆளு மல எறங்கணுமா? எங்கம்மா குடுக்கற டீயே அப்டித்தான், சும்மா டீ." பச்சையம்மாள் தட்டுவதை நிறுத்தாமல், "வாயி மட்டும் வீக் ஆவல" என்றார்.

எனக்கு அந்தச் சிரிப்போடு எழுந்து வந்துவிட வேண்டும் போலிருந்தது. பஸ் பன்னிரண்டேகாலுக்கு. உட்கார்ந்தபடியே சொன்னேன். அந்தச் செய்தி எழுதியது நான்தான் என்று. என் பெயர் அதில் இருந்தது அவர்களுக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். பேப்பரில் இருக்கும் பெயரையும் வாசலில் வந்து நிற்கும் பேப்பர் சாரையும் அவர்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடத்திலிருந்து துண்டை எடுத்ததையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சும்மா நின்றதையும் சொன்னேன்.

இரும்பு நின்றுவிட்டது. பச்சையம்மாள் என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த புளியைப் பார்த்தார். கோவிந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இரு" என்றார். புளியைக் கோணியில் வைத்துவிட்டு, "அவருக்குப் படிக்கத் தெரியாது" என்றார். "நான் அஞ்சாங் கிளாஸ் வரிக்கும் படிச்சிருக்கிறேன். கடையில மிக்சர் கட்டிக் குடுத்த பேப்பரு. நாந்தான் படிச்சி சொன்னேன், இத சாப்டலாமாம் பாருன்னு. போளூர் போயி வாங்கியாந்தாரு. ஆஸ்பத்திரில அந்த டாக்டரு திட்டனப்போ, சரி, நான் தப்பாப் படிச்சிட்டேன் போலன்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்து திருப்பி ஒருதரம் படிச்சிப் பாக்கலாம்னு அந்தத் துண்டத் தேடனேன். மாடத்துல இல்ல. கூரையில பாத்தேன், பானைக்கி அடியில பாத்தேன். கெடைக்கவே இல்ல. அரகொற படிப்ப வச்சிக்கினு ஆளக் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதுக்கப்புறம் நான் எதையும் படிக்கிறதில்ல. பஸ்ஸு போர்டுகூட இவன்தான் படிச்சி சொல்லுவான்."

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள், நான்தான் தப்பாக எழுதினேன் என்றேன். எழுதிக்கொண்டிருக்கும் இப்போதும் அந்த வாக்கியம் மிகவும் சின்னதாகத் தெரிகிறது. "அந்தத் துண்டு இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டார். என் மகளிடம் என்றேன். "கொண்டாரச் சொல்லுங்க. நான் ஒருதரம் படிக்கணும்."

பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உன் தாளைக் கேட்டார். கோவிந்தன் தலையணையிலிருந்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, சத்தமாகத்தான் படித்தார். முதல் பக்கத்துக்கே கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் பக்கம், பென்சில் வட்டம் வந்த இடத்தில் விரல் நின்றது. "இது எந்த லாம்?" என்றார். "சாப்டலாம்னா, இல்ல நல்லா ஆனாலும் ஆவும், ஆவாமயும் போவும்னா?" இரண்டாவது என்றேன். "அப்ப அதையே போட வேண்டியதுதான? அப்டிப் போட்டிருந்தா நான் ஏன் குடுக்கப் போறேன்?" கோவிந்தன் மெதுவாகக் கேட்டார், "அப்ப நான் கையெழுத்துப் போடவா, வேணாவா சார்?" அதை நான் சொல்லக் கூடாது என்றேன். "நீங்க இட்டுக்கினு போனீங்கன்னுதான் போட்றேன்னு சொன்னேன்." தெரியும், அதனால்தான் வந்தேன் என்றேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ் வரும்வரை அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை, போகவும் சொல்லவில்லை.

மருந்தைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது வேலை செய்யுமோ செய்யாதோ, உன்னைப் போன்றவர்கள் பார்த்தால்தான் தெரியும். பார்க்கத்தான் வேண்டும். நான் பதறியதைப் பார்த்து ஆராய்ச்சியே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஆனால் தாள் என் தொழில். அந்த இரண்டாம் பக்க வாக்கியத்தை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தின் முதல் வரியாக இதைப் போடு: 'இந்த மருந்து உங்கள் இதயத்துக்கு நல்லது செய்யுமா, கெடுதல் செய்யுமா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.' வழக்கமான மாத்திரைகளை நிறுத்தக் கூடாது என்பதை ஐந்தாம் பக்கத்தில் வைத்திருக்கிறாய். நானும் அங்கேதான் வைத்தேன். அதை இரண்டாவது வரிக்குக் கொண்டுவா. மாற்றினால் மறுபடி கமிட்டிக்குப் போக வேண்டும், முகாம் தள்ளிப்போகும், உன் மேலதிகாரிகள் முகம் சுளிப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் காரணம் கேட்டால் என் பெயரைச் சொல். தள்ளிப்போனால் போகட்டும் என்று நான் எளிதாக எழுதிவிடுகிறேன், அங்கே நிற்கப் போவது நீ. இருந்தாலும் கேட்கிறேன்.

முகாம் என்றைக்கு நடந்தாலும், பச்சையம்மாள் மகனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஃப்ரேமைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்தத் துண்டைக் கொண்டுவா. மடிப்பில் கிழிந்துவிடும், பார்த்து எடு. முதலில் அதை அவர் கையில் கொடு, பிறகு உன் தாளை எடு. அவர் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திரு. நானும் மலைக்கு வருவேன், முகாம் நடக்கும் இடத்துக்குள் வர மாட்டேன், பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். என் முகத்தைப் பார்த்துக் கோவிந்தன் எந்தப் பக்கமும் முடிவு செய்யக் கூடாது. அவர் கையெழுத்துப் போடுவாரா என்று எனக்குத் தெரியாது. நீ இனி என்னைப் பற்றி மைக்கில் என்ன சொல்வாய் என்றும் தெரியாது. பச்சையம்மாள் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வருவார், பாப்பா. அவர் விரல் எந்தச் சொல்லில் நிற்கிறதோ, அந்தச் சொல்லுக்கு நீ பதில் சொல்.

அப்பா